பழைய லொறியும் புதிய பிழைகளும்

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் மொழி. அம்மொழியின் பொருளை நான் ஏட்டிற் கற்றேனல்லேன். ஒரு பழைய லொறியின் அடியில் மல்லாந்து கிடந்து கற்றேன். அக்கதையை இவ்வாரம் நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

நீர்வேலியில் எங்கள் பெரியப்பாவின் வளவில், மாமரத்தின் கீழ், ஒரு பெட்போர்ட் லொறி நெடுங்காலமாக நின்றது. இங்கிலாந்தில் வொக்ஸ்ஹோல் கொம்பனியார் 1931ஆம் ஆண்டு தொடக்கம் பெட்போர்ட் என்னும் பெயரிற் பாரவண்டிகளைச் செய்துவந்தனர். 1958ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட 'ஜே' வகையைச் சேர்ந்தது இது, பெற்றோலில் ஓடுவது. வெங்காயமும் புகையிலையும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு கண்டி வீதி வழியே கொழும்புக்குப் போய்வந்த காலமும் இதற்கு உண்டு. 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டு, வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்தவர் பலர் தங்கள் வண்டிகளைச் சில துளி பெற்றோலினாற் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். எங்கள் லொறியும் சிலகாலம் அவ்வாறு புகை கக்கி ஓடியது, பின்பு ஓய்ந்துவிட்டது.

பெரியப்பாவுக்கு இப்பொழுது 88 வயது. "இதிலை ஒருக்கா ஏறி வல்லை வெளி மட்டும் போய்வந்தாற் போதும், தம்பி" என்று அவர் ஒருநாட் கூறினார். அச்சொல்லே எங்களைத் தூண்டியது. அயலிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவர் துணைக்கு வந்தார். சிறியவரும் பெரியவரும் அவரை 'அண்ணை' என்றே அழைப்பர்.

முதற் சறுக்கல் முதல் நாளிலேயே நேர்ந்தது. இடப்பக்கச் சக்கரத்தின் நட்டைக் கழற்ற முனைந்த நானும் மருமகனும், குழாயொன்றை ஸ்பானரிற் செருகி இருவருமாக அதன்மேல் ஏறி அழுத்தினோம். நட்டு அசையவில்லை, அதனைத் தாங்கிய தண்டே முறிந்தது. அண்ணை வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அக்காலத்து ஆங்கிலேயப் பாரவண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களின் மரைகள் எதிர்த்திசையில் வெட்டப்பட்டவை. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது நட்டுத் தளராதிருத்தற்பொருட்டுச் செய்த ஏற்பாடு அது. கழற்றுவதாக எண்ணி நாங்கள் இறுக்கிக்கொண்டிருந்தோம்!

மூன்று மாதங்களின் பின்னர் இயந்திரம் உயிர்பெற்றது. புதிய நீல வர்ணம் பூசி, அழகு பார்த்து, அண்ணை ஓட்ட, நான் அருகே அமர, பருத்தித்துறை வீதியிற் புறப்பட்டோம். அவரங்காலை அணுகியபோது இயந்திரம் இருமிற்று, திக்கிற்று, நின்றது. கால்மணி நேரம் சென்றபின் கிளப்பினால் ஒன்றும் நடவாததுபோல் ஓடியது. சிறிது தூரம் சென்றதும் மீண்டும் நின்றது. நான் மின்சுருளைப் பழித்தேன். புதிதொன்று வாங்கிப் பூட்டினோம். அடுத்த ஓட்டத்திலும் அதே நோய். பெற்றோற் பம்பைப் பழித்தேன்; அதுவும் கழன்று பூட்டப்பட்டது. நோய் தீரவில்லை. இறுதியில், வண்டி நின்ற அக்கணமே அண்ணை இறங்கிப்போய்ப் பெற்றோற் தாங்கியின் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியிலுள்ள ஊசித்துவாரத்தை எங்கள் நீல வர்ணம் அடைத்திருந்தது! எண்ணெய்த் தகரத்தில் ஒரு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் ஒழுங்காக வடியாது, மறுபுறம் இன்னொரு துளை வேண்டும் என்பதை இல்லத்தரசிகள் அறிவர். பெற்றோல் வெளியேறும் இடத்தை நிரப்பக் காற்று உட்புகாவிடின் பம்பு எவ்வாறு பெற்றோலை இழுக்கும்? வண்டி நின்ற கால்மணி நேரத்திற் காற்றுச் சிறிது சிறிதாகக் கசிந்து புகுந்ததனாலேயே அது மீண்டும் ஓடியது.

மூன்றாவது சறுக்கலை நினைக்க இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது. குறை தீர்ந்தது என்ற களிப்பில், வீட்டுப் பிள்ளைகள் ஐவரையும் பின்னே ஏற்றிச் செல்வோம் என்றேன். அண்ணை மறுத்தார். "முதல்லை இது நிக்கத் தெரிஞ்ச லொறியோ எண்டு பாப்பம், ஓடுறது பிறகு" என்றார். பிள்ளைகள் அழுதனர். எனக்கும் மனத்தாங்கலே. வெறும் லொறியுடன் கோப்பாய்ப் பக்கம் சென்றோம். சிறிது தூரத்தில் வண்டி எதனாலோ பின்னிழுக்கப்படுவதுபோல் தோன்றியது. கருகிய நாற்றம் எழுந்தது. சந்திக்கு முன்னே ஒரு சைக்கிள்காரர் குறுக்கிட, அண்ணை பிறேக்கை மிதித்தார். மிதி தரைவரை சென்றது; லொறி நிற்கவில்லை. அவர் பதறவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிறேக்கை இழுத்து, வீதியோர மணலில் இறக்கி நிறுத்தினார்.

காரணம் யார்? நானே. இரு வாரங்களுக்கு முன் பிறேக் ஒயில் குறைந்திருக்கக் கண்டு, கைக்கெட்டிய எஞ்சின் ஒயிலை ஊற்றியிருந்தேன். பிறேக் ஒயில் பெயரளவில் ஒயிலாயினும் பெற்றோலிய எண்ணெய் அன்று. பழைய பிறேக் உருளைகளினுள் இருப்பவை இயற்கை றப்பர்க் கிண்ணங்கள். பெற்றோலிய எண்ணெய் பட்டால் அவை ஊதிப் பருக்கும். பருத்த கிண்ணம் ஒயில் திரும்பும் சிறு துவாரத்தை அடைக்க, மிதியை விட்ட பின்னும் பிறேக் பிடித்தபடியே வண்டி ஓடியது. உராய்வு வெப்பமாயிற்று, வெப்பத்தால் ஒயில் கொதித்து ஆவிக்குமிழாயிற்று. ஆவி மிதியின் அழுத்தத்திற்கு ஒடுங்குமேயன்றி அதனைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்லாது. றப்பர்கள் அனைத்தையும் மாற்றி, குழாய்களைக் கழுவி, புதிய ஒயில் வார்த்து, சக்கரம் சக்கரமாகக் காற்றை வெளியேற்றி முடிக்க மேலும் இரு வாரங்கள் சென்றன.

நேயர்களே, இம்மூன்றில் எந்தக் குறை லொறியின் முதுமையால் வந்தது? ஒன்றுமில்லை. முறிந்த தண்டு எங்கள் அவசரம். அடைந்த துவாரம் எங்கள் அலங்காரம். கெட்ட பிறேக் என் அறியாமை. பழைய பொருளைத் திருத்துவோர் தம் கையையும் சந்தேகிக்கப் பழகவேண்டும். "நேற்று ஓடியது இன்று ஓடவில்லையாயின், இடையில் நாம் எதைத் தொட்டோம்?" என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. மாணவர்கள் கணக்கிற் பிழை தேடும்போதும் இது உதவும்.

சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதிற் பெரியப்பா முன்னாசனத்தில் அமர்ந்தார். பிள்ளைகள் ஐவரும் பின்னே ஏறினர். புறப்படுமுன் அண்ணை வளவுக்குள்ளேயே மூன்று தரம் ஓட்டி மூன்று தரம் நிறுத்திக் காட்டினார். அதன் பின்னரே படலையைத் திறக்கச் சொன்னார். வல்லை வெளிக் காற்றிற் பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்து இறங்கியபின், அண்ணையின் தோளைப் பிடித்தவாறு, "நல்லா நிக்குது" என்று மட்டும் சொன்னார்.