யார் போட்ட சட்டம்?



கடந்த மாதம் பலாபத்வலவில் ஒரு வீட்டுக்கு வேறொரு அலுவலாகப் போயிருந்தேன். அலுமாரிக் கதவில் புதுக் கசங்காத வெள்ளைச் சட்டையொன்று தொங்கியது. யாருக்கு என்று கேட்டேன். தாயின் முகம் வாடிவிட்டது.

பதின்மூன்று வயது மகளின் திடப்படுத்தலுக்குத் தைத்த சட்டை அது. பிள்ளை மாதக்கணக்கில் வகுப்புக்குப் போய் எல்லாவற்றையும் பாடமாக்கியிருந்தாள். பேராயர் வந்த ஞாயிறன்று விடியற்காலை அவளுக்கு மாதவிலக்கு. தாய் அனுப்பவில்லை.

"தீட்டோட பலிபீடத்துக்கிட்ட எப்படி மிஸ் அனுப்புறது? சாமி காரியமாச்சே."

இந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய அம்மா அவரை வளர்த்ததும் இப்படித்தான். ஆனால் ஒன்று கேட்கத் தோன்றியது. அதே நாட்களில் கொழுந்தெடுக்கவோ பால் வெட்டவோ போகாதே என்று எங்கள் பெண்களை எந்தத் தீட்டாவது தடுத்திருக்கிறதா? ஒருநாள் பேர் விழாமல் போகுமே!

வேதத்தில் அப்படி ஒரு சட்டம் இருந்தது உண்மைதான். லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின்படி உதிரப்போக்குள்ள பெண் படுத்த படுக்கையும் உட்கார்ந்த மணையும் தீட்டு. அவற்றைத் தொடுகிறவர் குளிக்க வேண்டும், சாயங்காலம் வரை அவரும் தீட்டு. இந்தச் சட்டத்துக்குள்ளே 12 வருடம் கிடந்த ஒரு பெண்ணைப் பற்றி மாற்கு 5ஆம் அதிகாரம் சொல்கிறது. கையிலிருந்த காசெல்லாம் வைத்தியருக்குப் போய்விட்டது. அவள் சனக்கூட்டத்தில் புகுந்து பின்னால் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். சட்டப்படி அவள் தொட்டவரும் தீட்டு. நடுங்கிக்கொண்டு முன்னால் வந்தவளை அவர் மகளே என்று அழைத்தார், அவளுடைய விசுவாசத்தைப் பாராட்டினார். பிறகு நேரே யவீருவின் வீட்டுக்குப் போய், இறந்து கிடந்த அவன் மகளின் கையைப் பிடித்தார். அந்தப் பிள்ளைக்கும் வயது 12.

இதே பெண்ணை வைத்துத் திருச்சபையும் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு, அவள்கூட ஓரத்தைத்தானே தொட்டாள், ஆகவே விலக்கான பெண்கள் திருவிருந்தை நெருங்கக் கூடாது என்று எழுதினார். 601ஆம் ஆண்டளவில் பாப்பரசர் கிரகோரி இங்கிலாந்திலிருந்த அகுஸ்தீனுக்கு அனுப்பியதாக பீட் துறவியின் வரலாற்று நூலில் உள்ள பதில் நேர்மாறானது. அவள் வஸ்திரத்தைத் தொட்டது சரியென்றால் இவள் ஆலயத்துக்குள் வருவது எப்படிக் குற்றமாகும் என்று கேட்கிறார். பயபக்தியால் ஒரு பெண் தானாகவே விலகியிருந்தால் அதை மெச்சலாம், வந்து பெற்றுக்கொண்டால் அவளைக் குற்றவாளியாக்கக் கூடாது என்கிறார். எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். முடிவை அவளிடமே விட்டுவிட்டாரே!

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை தாய் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மகள் குசினிக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அன்னைக்கு நான் போயிருக்கலாமாம்மா?"

தாய் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்ச் சட்டையை இறக்கி, மகளின் தோளில் வைத்து அளந்து பார்த்தார். அடுத்த வருடம் பேராயர் வரும்போது இது பத்தாது, ஓரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்றார்.