நேர்காணலும் நேர்மையும்

கல்வியை முடித்த இளைஞர் அனைவரும் என்றேனும் ஒருநாள் ஒரு கதவின் முன் காத்து நிற்பர். கதவுக்கு அப்பால் மூவரோ ஐவரோ அமர்ந்திருப்பர். அவர்கள் கேட்கும் வினாக்களுக்குச் சிறிது நேரம் விடை கூறிவிட்டு வெளியே வரவேண்டும். நேர்காணல் என்பது அவ்வளவே. ஆயினும், அச்சிறு பொழுதை எண்ணிய அளவிலேயே நா வறண்டு, கால் தளர்ந்து, கற்றதை மறந்து கலங்குவோர் பலர். அக்கலக்கத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டிய தாய் ஊரில் காத்திருக்கிறாள். தங்கையின் படிப்பும் தந்தையின் மருந்துச் செலவும் அந்த வேலையை எதிர்நோக்கி நிற்கின்றன. இந்நிலையில் உள்ள இளைஞர், ஒரு சொல் தவறினால் வாழ்வே தவறிவிடும் என்று அஞ்சுவது இயல்பே.

இயல்பே ஆயினும், அவ்வச்சம் பொருத்தமானது அன்று. நேர்காணலில் ஒருவரைத் தாழ்த்துவது பெரும்பாலும் பிழையன்று. பிழையை மறைக்க அவர் செய்யும் முயற்சியே அவரைத் தாழ்த்துகிறது. இவ்வுண்மையை உணர்ந்தவர்க்கு அச்சம் பாதி குறையும்.

நேர்காணல் எதனை அளக்கிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நம் நாட்டில் குடிமைப் பணிகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மத்தியத் தேர்வாணையம், முதன்மைத் தேர்வின் எழுத்துப் பகுதிக்கு 1750 மதிப்பெண்களும், நேர்காணலுக்கு 275 மதிப்பெண்களும் வகுத்துள்ளது. ஒருவர் கற்ற கல்வியை எழுத்துத் தேர்வு முன்னரே அளந்துவிடுகிறது. பின்னர் நடப்பது ஆளுமைத் தேர்வு. கூண்டில் நிற்பவரைக் குறுக்கு விசாரணை செய்வது போன்றது அன்று அது. நோக்கமுடைய ஓர் இயல்பான உரையாடலே என்று ஆணையத்தின் விதிகளே கூறுகின்றன. அறிவுக் கூர்மை, தெளிவாகப் பேசும் திறம், நடுநிலை பிறழாத மதிப்பீடு, நாணயம் ஆகிய பண்புகளை அவ்வுரையாடலில் ஆய்ந்து பார்க்கின்றனர். நாணயத்தைச் சோதிக்கும் இடத்தில் பொய்யான விடையைக் காட்டிலும் பெரிய பிழை வேறு யாது?

பிழைகள் இருவகைப்படும். முன்னரே தவிர்க்கத் தக்கவை ஒருவகை. எவ்வளவு முயன்றாலும் நேர்ந்துவிடுபவை மற்றொரு வகை. முதல்வகைப் பிழைகளுக்குச் சோம்பலே தாய். தாம் விடுத்த விண்ணப்பத்தில் தாமே எழுதியது யாது என்பதை மறந்து செல்வோர் உளர். ஓய்வு நேரத்தில் நூல் படிப்பதுண்டு என்று எழுதிவிட்டு, அண்மையில் படித்த நூல் எது என்று கேட்டால் விழிப்போர் உளர். வேலை கேட்டுச் செல்லும் அலுவலகம் என்ன பணி செய்கிறது என்பதையே அறியாமல் செல்வோரும் உளர். இவர்களுக்கு நேரும் இடர்ப்பாடு ஊழின் செயல் அன்று.

ஆதலின், விண்ணப்பத்தின் ஒரு படியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொரு வரியின்மீதும் என்ன வினா எழக்கூடும் என்று எண்ணிப் பார்த்தல் நன்று. சான்றிதழ்களை முதல்நாளே வரிசைப்படுத்தி வைத்தல் வேண்டும். இடம் புதியதாயின், முடிந்தால் முன்னதாகவே சென்று வழியையும் வாயிலையும் பார்த்துவருதல் வேண்டும். கைப்பேசியை அறைக்கு வெளியிலேயே நிறுத்திவிடுதல் வேண்டும். இவை சிறு செயல்களே. ஆயினும், அச்சாணி சிறிது என்று அதனை விட்டுவிட்டுத் தேர் ஓட்டுவார் இல்லை.

அறைக்குள் நேரும் பிழைகளிலும் தவிர்க்கத் தக்கவை சில உண்டு. வினா முடியுமுன் விடை தொடங்குவது ஒன்று. இரண்டு வரியில் முடிய வேண்டியதை இருபது வரிக்கு வளர்ப்பது மற்றொன்று. முன்பு பணிபுரிந்த இடத்தையும் அங்கிருந்த மேலதிகாரியையும் பழித்துரைப்பது மூன்றாவது. பழைய இடத்தைப் பழிப்பவர் நாளை இவ்விடத்தையும் பழிப்பார் என்று கேட்போர் எண்ணுவர். மனப்பாடம் செய்த விடையைக் கிளிபோல் ஒப்பிப்பது நான்காவது. இப்பிழைக்கு இளைஞரை மட்டும் குறைகூறல் ஆகாது. விடைகளை எழுதிக் கொடுத்து உருப்போடச் செய்யும் பெரியோர்க்கும் இதில் பங்குண்டு. உருப்போட்டவர், வினா சிறிது திரும்பியதும் வழி தெரியாமல் தடுமாறுகின்றார்.

இனி, எத்துணை விழிப்பாக இருந்தாலும் நேர்ந்துவிடும் பிழைகளைக் காண்போம். வினா விளங்காமற் போதல், விடை தெரியாமற் போதல், தவறான விடையைக் கூறிவிடுதல் என அவை மூன்று. வினா விளங்கவில்லை எனின், மீண்டும் ஒருமுறை கூறுமாறு பணிவுடன் கேட்பதில் இழிவு இல்லை. விளங்கியதுபோல் தலையசைத்துவிட்டு வேறொன்றைக் கூறுவதே இழிவு. விடை தெரியாவிடின், 'தெரியவில்லை, ஐயா' என்று தெளிவாகக் கூறிவிடலாம். 'அவ்வாறு கூறினால் மதிப்பெண் குறையாதா?' என்று சிலர் வினவுவர். அந்த ஒரு வினாவுக்கு உரிய மதிப்பு குறையக்கூடும். ஆனால், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டினால், தெரிந்து கூறிய விடைகளின்மீதும் ஐயம் படர்ந்துவிடும். ஒரு வினாவின் இழப்பு பெரிதா, உரையாடல் முழுவதன் இழப்பு பெரிதா? இதனைக் கொண்டு, எல்லா வினாவுக்கும் 'தெரியாது' என்று கூறுவதை நேர்மை என்று கருதிவிடலாகாது. அது படிக்காமையின் அடையாளமே ஆகும்.

தவறான விடையைக் கூறிவிட்டுப் பின்னர் உணர்வதே மூன்றனுள் கடினமானது. ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். கூட்டுறவு வங்கி ஒன்றின் எழுத்தர் பணிக்கு ஓர் இளம்பெண் செல்கிறாள். 'கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்க்கு எத்தனை வாக்குகள்?' என்று கேட்கின்றனர். 'அவரவர் வைத்துள்ள பங்குகளுக்கு ஏற்ப' என்று அவள் விரைந்து கூறிவிடுகிறாள். அது வணிக நிறுமங்களின் முறை. கூட்டுறவின் முறை அன்று. அடுத்த வினாவுக்குச் சென்றபின் அவளுக்குத் தன் தவறு புலனாகிறது. இப்பொழுது அவள் முன் மூன்று வழிகள் உள்ளன. கவனித்திருக்க மாட்டார்கள் என்று பேசாமல் இருந்துவிடலாம். தவறி விட்டோமே என்று உள்ளம் ஒடிந்து, எஞ்சிய வினாக்களுக்கும் தடுமாறலாம். அன்றி, தக்க இடைவெளி வாய்த்ததும், 'ஐயா, சற்றுமுன் நான் கூறியது பிழை. நிறுமங்களின் முறையைக் கூறிவிட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் பங்குகள் எத்தனையாயினும் உறுப்பினர் ஒருவர்க்கு ஒரே வாக்குத்தான்' என்று திருத்திக் கூறலாம். மூன்றாம் வழியைக் கொண்டவளை எந்தத் தேர்வாளர் தாழ்வாக எண்ணுவார்? நாளை வங்கிக் கணக்கில் ஒரு தொகை தவறிவிட்டால், அதனை மறைக்காமல் வந்து சொல்லும் கை இது என்றன்றோ எண்ணுவார்! திருத்தம் இரண்டு வரியில் முடிதல் வேண்டும். மன்னிப்பை மீண்டும் மீண்டும் கேட்டு அழுதுகொண்டிருத்தல் பிழையினும் பெரும்பிழை ஆகும்.

பேச்சின் அருமையை நன்கு அறிந்தவர் திருவள்ளுவர். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை அவர் பொருட்பாலில் வகுத்தார். பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. கேட்போர் யார் என்பதையும் அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இக்கருத்துக்குக் கணித மேதை இராமானுசனின் வாழ்வே சான்றாக நிற்கிறது.

கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரியில் பயின்றும், கணிதம் ஒழிந்த பாடங்களில் தேறாமையால் இராமானுசன் பட்டம் பெறவில்லை. பிழைக்க வழியின்றி, கணிதக் குறிப்பேட்டைச் சுமந்துகொண்டு ஆதரவு தேடி அலைந்தார். 1910ஆம் ஆண்டின் இறுதியில், நெல்லூரில் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் என்பவரைக் கண்டார். ராவ் கணிதத்தில் ஈடுபாடு மிக்கவர். சவரம் செய்யாத முகமும், கசங்கிய தோற்றமும், ஒளிவீசும் கண்களுமாக வந்த இளைஞர், குறிப்பேட்டைத் திறந்து தம் முடிவுகளை விளக்கத் தொடங்கினார். அவை ராவுக்கு எட்டவில்லை. இவர் கூறுவது பொருளுடையதா பொருளற்றதா என்று துணிய இயலாமல், மீண்டும் வருமாறு கூறி அனுப்பினார்.

அம்முதற் சந்திப்பு ஒருவகையில் தோல்வியே. ஆயினும், இராமானுசன் ராவின் அறியாமையை இகழ்ந்து ஒதுங்கிவிடவில்லை. தம்மை நொந்து வீட்டில் முடங்கிவிடவும் இல்லை. மீண்டும் சென்றார். இம்முறை கேட்பவரின் எல்லையை அறிந்துகொண்டு, எளிய முடிவுகள் சிலவற்றை முதலில் காட்டினார். அவற்றின் புதுமையைக் கண்டு ராவ் வியந்தார். பின்னர்ப் படிப்படியாக அரிய முடிவுகளுக்கு அவரை அழைத்துச் சென்றார். இறுதியில், 'உமக்கு என்ன வேண்டும்?' என்று ராவே கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு வயிற்றுப்பாட்டுக்கு ஒரு சிறுதொகை போதும் என்றார் இராமானுசன். இவ்வரலாற்றைப் பிற்காலத்தில் ராவே எழுதிவைத்துள்ளார். இரண்டாம் முறை மாறியது இராமானுசனின் அறிவு அன்று. அவர் பேசிய முறையே.

1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கு அவர் விடுத்த விண்ணப்பமும் கருதத் தக்கது. கல்லூரிப் படிப்பு முற்றுப்பெறாமல் நின்றுபோனதை அவர் அதில் மறைக்கவில்லை. சூழ்நிலையால் தொடர இயலவில்லை என்று சுருக்கமாகக் கூறி, அதன்பின் கணிதத்தில் தாம் செய்துவரும் முயற்சியையும், இவ்வேலையைச் செம்மையாகச் செய்ய முடியும் என்னும் உறுதியையும் அடுத்து எழுதினார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் முதல்நாள், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் பணியேற்றார். அந்த மேசையிலிருந்தே அடுத்த ஆண்டு கேம்பிரிட்ச்சுக்கு மடல் எழுதினார். 1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் ஆனார்.

எல்லாம் செவ்வையாகச் செய்தும் வேலை கிட்டாமற் போவதும் உண்டு. இடங்கள் சில, வருவோர் பலர். அப்பொழுது செய்யத் தக்கது யாது? இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், விமானப் படையில் சேர விரும்பித் தேராதூன் நகருக்குத் தேர்வுக்குச் சென்றார். எடுத்துக்கொள்ளப்பட இருந்தவர் எண்மர். தேர்வுக்கு வந்தவர் இருபத்தைவர். கலாம் ஒன்பதாமவராக நின்றார். ஓர் இடத்தில் கனவு கைநழுவியது. அவர் மனம் மிக வருந்தினார். ஆயினும், வருத்தத்திலேயே நின்றுவிடாமல், வேறு துறையில் கிடைத்த பணியை 1958இல் ஏற்றார்; பின்னர் விண்வெளி ஆராய்ச்சியில் புகழ் பெற்றார். 2002இல் குடியரசுத் தலைவர் ஆனார். முப்படைகளின் தலைவர் என்னும் நிலையில், 2006இல், தம் எழுபத்து நான்காம் அகவையில், பூனா நகரில் விமானப் படையின் போர் விமானத்தில் பறந்தார். தேர்வில் ஒன்பதாமவராக நின்ற செய்தியை அவர் ஒளிக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றில் தாமே எழுதினார்.

நேர்காணல் முடிந்த அன்றிரவே, கேட்ட வினாக்களையும் கூறிய விடைகளையும் ஒரு தாளில் எழுதிவைத்தல் சிறந்த பழக்கம். எவ்விடத்தில் தடுமாற்றம் நேர்ந்தது என்பது அப்பொழுது தெளிவாகும். அடுத்த நேர்காணலுக்கு அத்தாளைக் காட்டிலும் நல்ல ஆசான் இல்லை. தனியார் நிறுவனமாயின், நன்றி கூறி இரண்டு வரி மடல் விடுக்கலாம். அரசுத் தேர்வாயின், பின்னர் எவரையும் அணுகிப் பரிந்துரை தேடுதல் ஆகாது. அது தகுதியையே இழக்கச் செய்யும்.

நடை பயிலும் குழந்தை விழாமல் பயில்வதில்லை. விழுந்த இடத்தில் கையூன்றி எழுவதனாலேயே அதன் கால் வலுப்பெறுகிறது. நேர்காணலும் அத்தகையதே. பிழை நேராமல் காத்துக்கொள்வது அறிவு. நேர்ந்த பிழையை ஒப்புக்கொள்வது நேர்மை. ஒப்புக்கொண்டு திருத்தி மேற்செல்வது ஆண்மைக்கும் பெண்மைக்கும் பொதுவான ஊக்கம். இம்மூன்றும் உடைய இளைஞர், ஒரு கதவு மூடினாலும் அடுத்த கதவின் முன் தலைநிமிர்ந்து நிற்பர்.