மூலிகை மருந்தும் பெருங்குடற் புற்றுநோயும்

மூலிகையால் புற்றுநோய் நீங்கும் என்னும் செய்தி ஏதேனும் ஒரு வடிவில் மக்களை எட்டிக்கொண்டே இருக்கின்றது. மாதுங்காவிலும் செம்பூரிலும் பாடஞ் சொல்லும் தமிழாசிரியரையும், தாராவியின் சந்துகளில் வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியரையும் மக்கள், “இந்தத் தழை குடலில் உள்ள புற்றை அழிக்குமாமே, மெய்தானா?” என்று வினவுகின்றனர். இதற்கு ‘ஆம்’ என்பதும் பிழை. ‘இல்லை’ என்று தள்ளிவிடுவதும் பிழை. மும்பைக்கு மிக அணுக்கமானதொரு மரத்தின் வரலாற்றை முழுதும் எடுத்துரைப்பதே தக்க விடையாகும் என்பது எமது கருத்து.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் இச்சிறு மரத்தை மராட்டியர் ‘நர்க்யா’ என்பர். தாவர நூலார் இதற்கு முன்பு இட்ட பெயர் மாப்பியா ஃபீடிடா. பின்சொல்லுக்கு இலத்தீனில் நாற்றமுடையது என்று பொருள்; பூவை ஒருமுறை முகர்ந்தவர் பெயரிட்டவரைக் குறைகூறார். நிற்க. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மன்ரோ வால், மன்சுக் வானி என்னும் இருவர், சீன நாட்டு மரம் ஒன்றிலிருந்து காம்ப்டோதெசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். வானி நந்துர்பாரில் பிறந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஆறாண்டுகள் கழித்து, 1972-இல், பம்பாய்க் கோரேகாவில் இயங்கிய சீபா ஆராய்ச்சி நிலையத்தில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விசுவநாதனும் அதே பொருள் நம் நர்க்யா மரத்திலும் இருப்பதைக் கண்டறிந்தனர். கோவிந்தாச்சாரி அதற்கு முன் சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராய் விளங்கியவர்.

இதனுடன் கதை முடிந்ததென்று எழுதுவோர் பலர். உண்மையில் அப்போதுதான் தோல்வி தொடங்கிற்று. காம்ப்டோதெசின் நீரில் கரையாது. ஆகவே அதைச் சோடிய உப்பாக்கி நோயாளிகளுக்குச் செலுத்தினர். அவ்வாறு ஆக்குகையில் அதன் மூலக்கூற்றிலுள்ள வளையம் ஒன்று திறந்து, ஆற்றலின் பெரும்பகுதி போயிற்று, நச்சுத்தன்மையோ போகவில்லை. சிறுநீர்ப்பையில் குருதிக் கசிவு உண்டாகவே சோதனைகள் கைவிடப்பட்டன. அம்மருந்து உயிரணுவில் எங்கே சென்று பற்றுகிறது என்பதே 1985-இல்தான் தெளிவாயிற்று.

உயிரணு இரண்டாகப் பிரியுமுன் அதன் டி.என்.ஏ. இழைகள் முறுக்கவிழ வேண்டும். கயிற்றின் புரிகளை இழுத்துப் பிரித்தால் மறுபுறம் முறுக்கேறுவதைக் கண்டிருப்பீர்கள். அம்முறுக்கைத் தளர்த்த, ஒரு நொதி ஓர் இழையைச் சற்றே வெட்டி, உடனே ஒட்டிவிடுகிறது. காம்ப்டோதெசின் அவ்வெட்டில் ஆப்புப்போல் நுழைந்து ஒட்டவிடாமல் செய்கிறது. விரைந்து பெருகும் புற்றணு இவ்வாறு முறிந்து மடிகிறது. நீரில் கரையுமாறு இப்பொருளை மாற்றி ஜப்பானியர் ஆக்கிய இரினோடெகான், அங்கு 1994-இலும், பெருங்குடற் புற்றுக்கென அமெரிக்காவில் 1996-இலும் ஒப்புதல் பெற்றது. மரப்பட்டையிலிருந்து மருத்துவமனை வரை முப்பதாண்டுகள்!

விரைந்து பெருகுபவை புற்றணுக்கள் மட்டுமல்ல. குடலின் உட்போர்வையும் எலும்பு மச்சையும் அவ்வாறே பெருகுவன. ஆதலால் இம்மருந்து கடும் பேதியையும் வெள்ளணுக் குறைவையும் விளைக்கவல்லது. மருத்துவர் உடலின் பரப்பைக் கணக்கிட்டு அளவு வகுத்து, குருதியைச் சோதித்தே தருகின்றனர். பட்டையை இடித்துக் காய்ச்சிக் குடிப்பவனுக்கு இவ்வளவு எங்கிருந்து கிடைக்கும்? மருந்து போய் நஞ்சே எஞ்சும்.

மஞ்சளின் செய்தியையும் ஈண்டுக் கூறவேண்டும். அதிலுள்ள குர்குமின், சோதனைக் குழாயில் குடற் புற்றணுக்களை அழிப்பதாகப் பல கட்டுரைகள் வந்தன. பரம்பரையாகக் குடலில் விழுதுக்கட்டிகள் தோன்றும் நோயாளர் ஐவருக்கு, வேறொரு தாவரப் பொருளோடு சேர்த்துக் கொடுத்ததில் கட்டிகள் குறைந்தன என்று 2006-இல் அறிவிக்கப்பட்டது. 2018-இல் வெளியான சோதனையில் 44 பேரைச் சேர்த்து, ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் குர்குமினும், மற்றவர்க்குப் போலி மாத்திரையும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர், வேறுபாடு காணப்படவில்லை. முதற் செய்தியைச் சொன்ன வாய் இரண்டாவதையும் சொல்லுதல் வேண்டும். வகுப்பறையில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், ஒப்பீட்டுச் சோதனை ஏன் தேவை என்பது பிள்ளைகளுக்குத் தனியே விளக்கவேண்டியதில்லை.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் புகழே அதற்குப் பகையாயிற்று. கட்டையையும் வேரையும் வேண்டி, மராட்டிய, கன்னடக் காடுகளில் நர்க்யா அடியோடு பெயர்த்தெடுக்கப்பட்டது. இம்மரத்தைப் பற்றி மாணவரிடம் பேசுவோர் அதையும் கூறுவாராக.

களப்பணியாளரிடம் எமக்குள்ள கவலை வேறு. மலத்தில் குருதி கண்டவுடன் ‘மூலம்’ என்று தாமே முடிவு செய்து, மாதக்கணக்கில் சூரணம் தின்று காலங்கழிப்போர் நம்மிடையே மிகுதி. மூலமாகவும் இருக்கலாம், ஆனால் பாராமல் அறிய இயலாது. குருதியோடு மலப்போக்கு மாறுதலும், காரணமற்ற மெலிவும், சோகையும் சேர்ந்தால் ஒரு வாரங்கூடத் தாமதித்தல் ஆகாது. தொடக்கத்தில் கண்டுபிடித்தால் பெருங்குடற் புற்றை அறுவையாலேயே நீக்கிவிடக் கூடும்; இரினோடெகானோ பெரும்பாலும் நோய் பரவியபின் தேடப்படுவது. தாராவிக்காரருக்குச் சயான் மாநகராட்சி மருத்துவமனை நடந்துபோகும் தொலைவுதான். 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையும் பரேலில் உள்ளது. வெட்கத்தால் இதைச் சொல்லாதிருக்கும் பெரியவரிடம், குறிப்பாகத் தாய்மாரிடம், தழையைப் பற்றிய கேள்விக்கு விடை கூறுமுன், “எத்தனை நாளாக இரத்தம் போகிறது, அம்மா?” என்று கேளுங்கள்.