11 மீட்டருக்குக் கீழே

கடிதம் இரண்டு பக்கம்தான். கட்டடத்தின் வெளிச்சுவரில் பதித்திருக்கும் மரப்பலகைகளும் அவற்றுக்குப் பின்னால் அடைத்திருக்கும் பொருளும் தீப்பற்றக்கூடியவை, எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டும் என்கிறது முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் எங்கள் வீட்டின் பங்கு போட்டிருக்கிறது: 38,000 பவுண்ட். கிழக்கு லண்டனில் 24 வீடுகள் கொண்ட தொடர்மாடி எங்களுடையது. 24 வீட்டுக்கும் இதே கடிதம் வந்திருக்கிறது. படியில் யாரைக் கண்டாலும் "கடிதம் வந்ததா?" என்பதுதான் இப்போது முதல் பேச்சு.

இந்த வீட்டை 2014இல் வாங்கினோம். நானும் மனைவியும் ஐந்து வருடம் சீட்டுக் கட்டி எடுத்த காசுதான் முற்பணம். மிச்சம் 25 வருட மோட்கேஜ். லண்டனில் வீடு வாங்கிவிட்டோம் என்று யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்துச் சொன்னபோது, அம்மா அன்றைக்கே கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். நாங்கள் வாங்கியது 125 வருடக் குத்தகை மட்டுமே என்பது இப்போதுதான் உறைக்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலான ஃபிளாட்டுகள் இப்படித்தான். நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருக்குச் சொந்தம், நாங்கள் லீஸ்ஹோல்டர்கள். வெளிச்சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அதே சுவரைத் திருத்தும் செலவு சேர்விஸ் சார்ஜ் என்ற பெயரில் எங்கள் தலையில் விழுகிறது.

அந்தப் பலகையைத் தெரிந்தெடுத்தது நாங்களா? கட்டியவர் கட்டினார். பரிசோதித்தவர் சரி என்று கையெழுத்து வைத்தார். எங்கள் சட்டத்தரணி பத்திரங்களைப் பார்த்துக் காசு வாங்கினார். வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பிப் பார்த்த பிறகுதான் கடன் தந்தது. ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. இன்று அவர்களில் ஒருவருக்கும் இந்தக் கடிதம் போகவில்லை.

இப்படிப்பட்ட சுவர்களை எல்லோரும் பயத்தோடு பார்க்கத் தொடங்கியது ஒரு தீக்குப் பிறகுதான். 2017 ஜூன் 14ஆம் தேதி, மேற்கு லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில், நான்காம் மாடியில் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய தீ வெளிச்சுவரில் பதித்த கிளாடிங் பலகைகள் வழியாக ஏறி 24 தளக் கட்டடத்தைச் சூழ்ந்தது. 72 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்துக்கு முன்னால் காசுக் கணக்குப் பேச எனக்குக் கூசுகிறது. ஆனாலும் பிழை செய்தவர் யார், சுமப்பவர் யார் என்ற கேள்வி எல்லோருக்கும் பொதுவானது. தீ தொடங்கிய வீட்டில் இருந்தவர்மேல் எந்தப் பழியும் இல்லை என்று அந்தத் தீ பற்றிய பொது விசாரணையின் முதல் கட்ட அறிக்கையே சொல்லிவிட்டது. 2024 செப்டம்பர் 4இல் வந்த இறுதி அறிக்கை, பொருள் தயாரித்தவர்களின் திட்டமிட்ட நேர்மையின்மையையும், பல வருடங்களாக ஆபத்தைத் தெரிந்தும் செயற்படாமல் இருந்த அரசையும் கடுமையாகக் குற்றம் சொன்னது. குற்றம் யாருடையது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் பில் ஏன் எங்களுக்கு வருகிறது?

2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கட்டடம் குறைந்தது 11 மீட்டர் உயரமோ ஐந்து தளமோ இருந்தால், தன் வீட்டில் தானே குடியிருக்கும் லீஸ்ஹோல்டரிடம் கிளாடிங் மாற்றும் செலவைக் கேட்கக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் கட்டடம் நான்கு தளம். பக்கத்தில் இருக்கும் கட்டடத்தையும் அதே ஆட்கள்தான் அதே வருடத்தில், அதே பலகையை வைத்துக் கட்டினார்கள். அது ஐந்து தளம். கிளாடிங்குக்காக அங்கே குடியிருப்பவர்கள் ஒரு பென்னியும் கட்ட வேண்டியதில்லை. நாங்கள் 38,000 கட்ட வேண்டும். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்னப் புல்தரை.

உயரம் குறைந்த கட்டடங்களில் ஆபத்துக் குறைவு, பெரிய வேலை அநேகமாகத் தேவைப்படாது என்பது அரசு சொல்லும் நியாயம். அப்படியென்றால், வருடம் 9,000 பவுண்டாக இருந்த எங்கள் கட்டடத்தின் காப்புறுதி 41,000 ஆனது எதனால்? வங்கி எங்கள் சுவரைக் கண்டு பயப்படுவது எதனால்? ஆபத்து இல்லை என்றால் இந்தக் காசை எங்களிடம் பிடுங்காதீர்கள். ஆபத்து உண்டு என்றால், எங்கள் பிள்ளைகளும் அந்தச் சுவருக்குள்தான் நித்திரை கொள்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குச் செய்ததை எங்களுக்கும் செய்யுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

"வித்துப்போட்டு வேற இடம் பாருங்கோவன் தம்பி" என்கிறார் அம்மா. முயன்று பார்த்தோம். வீடு வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி இ.டபிள்யூ.எஸ்.1 என்ற படிவத்தைக் கேட்கிறது. வெளிச்சுவர் தீக்குத் தாங்குமா என்று நிபுணர் தரம் போட்டுத் தரும் படிவம் அது. எங்களுக்குக் கிடைத்த தரம் பி2; அதாவது, திருத்த வேலை கட்டாயம். வீட்டைப் பிடித்துப்போய் விலையும் பேசிய இருவர் அதோடு திரும்பிவிட்டார்கள். இந்த வீட்டுக்கு நாங்கள் வரும்போது மகளுக்கு ஒரு வயது. இப்போது 12. ஒன்பது வயதுத் தம்பியோடு ஒரே அறையில் இருக்கிறாள். தனியறை உள்ள வீட்டுக்குப் போவோம் என்று அவளுக்கு நான் வாக்குக் கொடுத்தது 2019இல்.

மேல்வீட்டில் ஏதாவது கருகினால் இரவில் எழுந்து நடைக்குப் போய் மோந்து பார்த்துவிட்டு வருகிறேன். மனைவி பிள்ளைகளின் சப்பாத்துகளைக் கட்டிலுக்குக் கீழே விடுவதில்லை. வாசற்கதவுக்குப் பக்கத்தில், கால் போடும் திசையில் வைக்கிறாள். பிள்ளைகள் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்கும் தெரியும்.

கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கும் உயரக் கணக்கை எடுத்துவிட வேண்டும். தீப்பற்றும் பொருளை விற்றவரும் வைத்துக் கட்டியவரும் கழற்றும் செலவைக் கொடுக்க வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அது நடக்கும்வரை கடிதத்தின் தவணை காத்திருக்காது. கட்டாமல் விட்டால் வழக்கு வரும். முடிவில் குத்தகையே பறிபோகவும் கூடும். அதனால் மனைவி போன கிழமை மறுபடியும் சீட்டில் சேர்ந்திருக்கிறாள். முதல் சீட்டை இந்த வீட்டுக்குள் வருவதற்காகக் கட்டினோம். இதை, எங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு சுவருக்காக, நாங்கள் செய்யாத பிழைக்காகக் கட்டப்போகிறோம்.