எந்த விரல் மரக்கிறது?

“கை மரத்துப் போகிறது” என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், “வாயுவாக இருக்கும்”, “வயதானால் அப்படித்தான்” என்று உடனே பதில் வந்துவிடுகிறது. இவை விசாரிக்காமலே எழுதப்பட்ட தீர்ப்புகள் என்பது என் கருத்து. விசாரணையை மாணவர்களாகிய நீங்களே தொடங்கலாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “எந்த விரல்?”

காரணத்தைப் பார்ப்போம். உள்ளங்கை தொடங்கும் இடத்தில் மணிக்கட்டு எலும்புகள் ஒரு வாய்க்கால் போல வளைந்து அமைந்துள்ளன. அதன்மேல் உறுதியான நார்ப்பட்டை ஒன்று கூரையாக மூடியிருக்கிறது. இந்தச் சிறு சுரங்கத்தின் வழியே விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், நடுநரம்பு என்னும் ஒரு நரம்பும் செல்கின்றன. எலும்பும் விலகிக்கொடுக்காது, கூரையும் விரிந்துகொடுக்காது. ஆகவே தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினால் நசுங்குவது மென்மையான நரம்புதான். இதை ‘கார்ப்பல் டனல் சின்ட்ரோம்’ என்கிறார்கள் மருத்துவர்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் ஒரு பாதி ஆகியவற்றின் உணர்ச்சி இந்த நரம்பைச் சேர்ந்தது. சுண்டுவிரலுக்குரிய நரம்போ சுரங்கத்துக்கு வெளியே செல்கிறது! எனவே சுண்டுவிரல் நன்றாயிருக்க, மற்றவை மட்டும் மரத்தால் மணிக்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். இரவில் தொல்லை மிகுவதும், கையை உதறினால் குறைவதும் இந்நோயின் அடையாளங்கள்.

1880-இல் பாஸ்டன் நகர மருத்துவர் ஜேம்ஸ் புட்னம், இவ்வாறு கை மரத்துத் துன்புற்ற 37 பேரைப் பற்றி எழுதினார். பெரும்பாலோர் பெண்கள். அவர் சந்தேகித்தது இரத்தக் குழாய்களை. மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதே காரணம் என்பது மருத்துவ உலகில் பரவலாகத் தெரிந்தது 1950-க்குப் பின், அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஃபேலனின் கட்டுரைகளால்தான். அன்று அறியாமைக்குக் காரணம் இருந்தது. இன்று நமக்கு என்ன காரணம்?

“வேலையை விட்டுவிட முடியுமா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கருவியை இறுகப் பிடித்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும், அதிரும் இயந்திரங்களும் இந்நோயைத் தூண்டுகின்றன. ஆனால் வேலையை விடாமலே செய்யக்கூடியவை உண்டு. மணிக்கட்டை மடக்காமல் கருவியைப் பிடிக்கலாம். இடையிடையே கைக்கு ஓய்வு தரலாம். மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் அணியலாம். நீரிழிவு, தைராய்டு குறைவு போன்றவையும் காரணமாகலாம்; கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கை மரக்கும். ஆகவே மருத்துவரிடம் காட்டுவது அவசியம். தேவையானால் அவர் ஊசி போடுவார். அல்லது கூரையாகிய நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் தருவார்.

தாமதம்தான் ஆபத்து. நரம்பு நெடுநாள் நசுங்கினால் கட்டைவிரலின் அடியிலுள்ள தசை மெலிந்துவிடும். அதன்பின் அறுவை செய்தாலும் பழைய வலிமை முழுதும் திரும்பாமல் போகலாம். பொத்தான் மாட்டவும், பாத்திரத்தைப் பிடிக்கவும் திணறும் நிலை வரும். இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்திருப்பவர் உங்கள் வீட்டில் உண்டா? இன்றே அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.