நாயைப் பற்றிக் கேட்காத படிவம்

வெளியூர் போகும்போது நாயை விட்டுச்செல்ல ஓர் இடம், காலையில் வாக்கிங் கூட்டிப்போக ஒருவர், வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி முடி வெட்ட ஒருவர் என்று எல்லாவற்றுக்கும் இப்போது இணையதளமும் செயலியும் வந்துவிட்டன. வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தை இழைத்து இழைத்துச் செய்கிறார்கள். வேலை செய்ய வருபவர் தன்னைப் பதிந்துகொள்ளும் பக்கத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. இணையப் படிவங்களை வடிவமைப்பது என் தொழில். வீட்டில் வயதான ராஜபாளையம் நாய் ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: நம் நாய் யார் கைக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பதிவுப் பக்கம்தான். இன்று அது படிவம் நிரப்பத் தெரிந்தவரை உள்ளே விட்டு, நாயைத் தெரிந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

சென்னை அயனாவரத்தில் எங்கள் தெருவுக்கு விடிகாலையில் வரும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். இளவயதில் வேப்பேரிப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் டாக்டர் ஊசி போடும்போது நாய்களைப் பிடித்துக்கொள்ளும் வேலை பார்த்தவர். புது நாயை அவர் நேருக்கு நேர் கண்ணைப் பார்த்து நெருங்க மாட்டார். பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, கையை நீட்டாமல், அதுவாக வந்து முகரும்வரை காத்திருப்பார். நாய் சும்மா சும்மா உதட்டை நக்கினாலோ, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டாலோ அது மிரண்டிருக்கிறது என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கோடையில் வெயில் ஏறிவிட்டால் எந்த நாயையும் தார்ச்சாலையில் இறக்க மாட்டார். ஏன் என்று கேட்டால் நம் புறங்கையைப் பிடித்துச் சாலையில் வைத்துக் காட்டுவார்.

அவர் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போனோடு என்னிடம் வந்தார். முதல் திரையிலேயே வரிசையாகக் கட்டங்கள், அத்தனையும் ஆங்கிலத்தில். பெயருக்கு அடுத்து குடும்பப் பெயர் கேட்டது. "எங்கப்பா பேரு போடணுமா, இனிஷியல் போதுமாம்மா?" என்றார். இனிஷியலை அடித்தோம், ஒரே எழுத்து செல்லாது என்று சிவப்பில் காட்டியது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தங்கள் பெயரை எழுதும் முறையே இந்தப் படிவத்துக்குப் பிழை. பிறகு மின்னஞ்சல். போன் வாங்கிய கடையில் யாரோ உருவாக்கிக் கொடுத்த முகவரி இருந்தது, பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. அதை ஒருவழியாகத் தாண்டினால் ஓடிபி. மெசேஜைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது பக்கம் முதலிலிருந்து திறந்தது, நிரப்பியதெல்லாம் போயிருந்தது. விலை குறைந்த போன்களில் இது அன்றாடம் நடக்கிறது. வேறு செயலிக்குப் போன நொடியில், நினைவகம் போதாமல் பிரௌசர் பக்கத்தைக் கைவிட்டுவிடும். நிரப்ப நிரப்ப ஒவ்வொன்றையும் சேமித்துவைப்பது எங்கள் தொழிலில் பெரிய வேலையே இல்லை. மறுபடி எல்லாம் நிரப்பி ஆதார் அட்டையைப் படமெடுத்து ஏற்றினால், படம் பெரிதாக இருக்கிறதாம். "போதும்மா, சாயங்கால நாய்ங்க காத்துக்கிட்டிருக்கும்" என்று அவர் எழுந்துவிட்டார்.

அவர் போன பிறகு நான் கடைசித் திரைவரை பார்த்தேன். பான் எண், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று, சிரித்த முகத்தோடு ஒரு புகைப்படம் என்று நிறையக் கேட்டார்கள். நாயைப் பற்றிக் கேட்டது இரண்டுதான்: எத்தனை ஆண்டு அனுபவம், சிறிய நாயா பெரிய நாயா. நாய் கடித்திருக்கிறதா, கடித்தபோது என்ன செய்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. தினமும் பழகாத நாய்களைக் கையாள்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதைப் போட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி வேலைக்கு வருபவரின் உயிரைக் காப்பது. வங்கிக் கணக்கு எண்ணுக்கு முன்னால் அது வர வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்தேன், அது எனக்குப் பயம் தந்தது. என்னென்ன சேவை செய்வீர்கள் என்ற பட்டியலில் வாக்கிங், குளிப்பாட்டுதல், நகம் வெட்டுதல் இவற்றோடு ஊசி போடுவதும் ஒரு டிக்காக இருந்தது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி கால்நடை மருத்துவம் பார்ப்பது பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. அந்த டிக்கைப் போடுகிறவர் மருத்துவராக இருந்தால் பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டமே அவருக்குத் தெரியக் கூடாது.

போர்டிங் வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டியது தனி. அவர்களிடம் நாயைக் கட்டிப்பிடித்திருக்கும் படத்தை வாங்கி என்ன பயன்? வாசல் கேட்டின் தாழ்ப்பாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். காம்பவுண்டுச் சுவரின் உயரம், மாடியென்றால் பால்கனிக் கம்பிகளின் இடைவெளி, ஒரு கேட் திறந்தாலும் உள்ளே இன்னொரு கேட் உண்டா என்பவைதான் தேவை. கடந்த சில மாதங்களில் பார்வோ வைரஸ் தொற்று வந்த நாய் அங்கே தங்கியதா என்பது அடுத்த கேள்வி. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும்; தடுப்பூசி முடியாத குட்டி அங்கே போனால் உயிருக்கே ஆபத்து. தீபாவளி இரவு நாய்களை எந்த அறையில் வைப்பீர்கள் என்றும் நான் கேட்பேன். வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடித் தொலைந்த நாய்களைத் தேடி ஒட்டிய நோட்டீஸ்களை ஒவ்வொரு தீபாவளிக்கு மறுநாளும் பார்க்கிறேன்.

முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியையே கொடுக்கிறோம், ஆவணம் கேட்காமல் எப்படி என்பார்கள். கேட்கத்தான் வேண்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை ராட்வீலர் நாய்கள் கடித்த பிறகு, வளர்ப்பு நாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்வியை இந்த ஊர் எளிதாக விட்டுவிட முடியாது. நான் சொல்வது வரிசையை. முதல் வேலை கைக்கு வரும் முன் ஆவணங்களைச் சரிபார்த்தால் போதும். வாசலில் கால் வைக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டச் சொல்ல வேண்டியதில்லை. அடையாளத்துக்கு ஆதார்தான் என்றால், முதல் 8 இலக்கங்களை மறைத்த ஆதாரை வாங்கிக்கொள்ளலாம். அதை எப்படி இறக்குவது என்று அதே திரையில் தமிழில் நாலு வரி எழுதிவைத்தால் நல்லது.

நான் வடிவமைத்தால் முதல் திரையில் ஒரே கேள்விதான் இருக்கும்: எந்தப் பகுதியில், என்ன வேலை? பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளை வடிவமைப்பவர்களுக்கு ஒரு பக்கத்தில் ஒரு விஷயம் மட்டும் என்பதே தொடக்கப் பாடம். சிறிய திரையில், பழக்கமில்லாத கைகளுக்கு அதைவிட உதவி வேறில்லை. இரண்டாவது திரையில் போன் எண். மின்னஞ்சல் இருந்தால் தரலாம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பெயருக்கு ஒரே கட்டம். மூன்றாவது திரையில் நாய்க் கேள்விகள் ஆரம்பிக்கும், பதிலைத் தமிழில் பேசிப் பதிவுசெய்ய ஒரு பொத்தானோடு. வாக்கிங்கில் நாய் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு ஓடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், எங்கள் தெரு அண்ணன் ஐந்து நிமிடம் பேசுவார். துரத்தினால் அது இன்னும் ஓடும் என்பதிலிருந்து தொடங்குவார். அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்ட எவரும் அவரிடம் நாயை ஒப்படைத்துவிடுவார்கள். அனுபவம் 30 ஆண்டுகள் என்று கட்டத்தில் எழுதுவதால் அது தெரியவே தெரியாது.

தமிழில் கேட்பதை யாரும் சலுகையாக நினைக்க வேண்டாம். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரங்களைப் பெற ஒப்புதல் கேட்கும்போது அதை ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது.

வீட்டிலிருந்தே ஒன்றிரண்டு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் பலர் இந்த வேலைக்கு வர நினைக்கிறார்கள். அவர்களைத் தயங்கவைப்பது இன்னொரு திரை: வீட்டு முகவரியும் போன் எண்ணும் யாருக்குத் தெரியும் என்று அது சொல்வதே இல்லை. வாடிக்கையாளருக்குப் பகுதியின் பெயர் மட்டும் தெரியும், முன்பதிவு உறுதியானால்தான் முழு முகவரி போகும் என்று அந்தக் கட்டத்தின் கீழேயே எழுதினால் அவர்கள் மேலே போவார்கள்.

விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு வரும் திரைக்கும் கொஞ்சம் உழைப்பைக் கொடுக்கலாம். நன்றி என்று ஒரு வார்த்தை காட்டிவிட்டு வாரக்கணக்கில் மௌனமாக இருப்பதுதான் இப்போது வழக்கம். யார் கூப்பிடுவார்கள், எந்த எண்ணிலிருந்து, எத்தனை நாளுக்குள் என்பதை அந்தத் திரை சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தையும் தமிழில் அனுப்ப வேண்டும். தடுப்பூசி போடாததுதான் காரணமென்றால், அதை எங்கே போட்டுக்கொள்ளலாம் என்பதும், போட்ட பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்பதும் அந்த ஒரே குறுஞ்செய்தியில் அடங்கும்.