கூடாரம் காட்டில் வேண்டாம், ஊரில் வரட்டும்



சனிக்கிழமை விடிகாலையில் ஓசூர் நெடுஞ்சாலை ஓரம் டீ குடித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். பெங்களூர் இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். ஐந்து, பத்து, சில சமயம் இருபது என்று மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி வருகின்றன. பின் சீட்டில் சுருட்டிய கூடாரம், படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர் கேன். சில கூட்டம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் பக்கம் போகும். சில கூட்டம் ராயக்கோட்டை சாலையைப் பிடித்து எங்கள் தொரப்பள்ளிப் பக்கம் வரும். ஞாயிறு சாயங்காலம் அதே வரிசை திரும்பிப் போகும். நடுவில் ஒரு ராத்திரி இருக்கிறதல்லவா, அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் நம் வயதுக்காரர்களிடம் இரண்டு கட்சி இருக்கிறது. "இந்தப் பசங்களைச் சோதனைச் சாவடியிலேயே மடக்கித் திருப்பி அனுப்ப வேண்டும்" என்பது ஒரு கட்சி. "காடு யார் அப்பன் வீட்டுச் சொத்து? வயசுப் பிள்ளைகள், போய்விட்டு வரட்டுமே" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். குமாஸ்தா வேலை பார்த்தவன், வரிசை தவறினால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் தடைக் கட்சி. ஐயா, நாம் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுகிறோம்? 1980-ல் டி.வி.எஸ். 50 வண்டி வெளிவந்தது இந்த ஓசூரிலிருந்து. இன்றைக்கு ஏத்தர் மின்சார ஸ்கூட்டரும் இங்கேதான் தயாராகிறது. அதே மாவட்டத்தில் போச்சம்பள்ளியில் ஓலா ஆலை. நம் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரிவது இரண்டு சக்கர வண்டியால், அல்லது அதன் உதிரி பாகத்தால். வண்டியைச் செய்து விற்போம், அதை ஓட்டிக்கொண்டு மட்டும் எங்கள் பக்கம் வராதே என்பது என்ன நியாயம்? ஆறு நாள் கம்ப்யூட்டர் முன்னாலும் மெஷின் முன்னாலும் நிற்கிற பிள்ளை, ஏழாம் நாள் ஆகாயத்தைப் பார்க்க ஆசைப்படுகிறான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

இனி "போகட்டுமே" கட்சி. இவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம். காரணம், அந்த ராத்திரிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை இவர்கள் பார்ப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருகின்றன. அங்கிருந்து ஒரு கூட்டம் எங்கள் பக்கத்துச் சானமாவு காடு வரைக்கும் வந்துவிடும். அது ராகி கதிர் முற்றும் காலம். பகலில் காட்டில் நிற்கும், ராத்திரி வயலில் இறங்கும், விடியும் முன் திரும்பும். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கிற சம்சாரி பரண் கட்டி, டார்ச் லைட்டும் பட்டாசுமாக ராத்திரி முழுக்க விழித்திருக்கிறான். அந்த நேரத்தில் காட்டு ஓரம், யானை நடக்கிற தடத்தில், எட்டுக் கூடாரம் போட்டுத் தீ மூட்டிப் பாட்டுப் பெட்டியை அலறவிட்டால் என்ன ஆகும்? பசித்த யானை வீட்டுக்குத் திரும்பிப் போய்விடாது. சத்தத்தைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் இறங்கும். அது யாரோ ஒருவனுடைய ராகிக் காடாக இருக்கும். பரணில் ஆள் இல்லாத பக்கமாக இருந்தால் இன்னும் மோசம். இழப்பீடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மனு எழுதி, அதிகாரி வந்து பார்த்து, காகிதம் மேசை மேசையாக நகர்ந்து பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த விதைப்பு வந்துவிடும். காகிதம் எந்த வேகத்தில் நகரும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சென்ற கார்த்திகையில் என் மகனுடைய சிநேகிதர்கள் நாலு பேர் அஞ்செட்டிப் பக்கம் இப்படித்தான் போனார்கள். கைப்பேசியில் யாரோ போட்டிருந்த படத்தைப் பார்த்து இடம் பிடித்தார்களாம். ராத்திரி பதினொரு மணிக்கு மூங்கில் முறிகிற சத்தம். கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பி ஓடி வந்திருக்கிறார்கள். "அங்கிள், யானையைப் பக்கத்திலேயே பார்த்தோம்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் ஓடி வந்த பிறகு அந்த யானை எங்கே போனது என்று அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. நான் கேட்டேன். பதில் இல்லை.

"காடு எல்லோருக்கும் பொது" என்று சட்டம் பேசுகிறவர்களுக்குச் சட்டத்தையே காட்டுகிறேன். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022-ல், சுமார் 686 சதுர கிலோமீட்டர். 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. 30-ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதைத் தடுக்கிறது. தீ என்றால் சாதாரணமா? 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பங்குனி, சித்திரையில் நம் காடும் அப்படித்தான் காய்ந்து கிடக்கிறது.

பாட்டில் சங்கதி தனி. தொரப்பள்ளி ராஜாஜி பிறந்த ஊர். 1878-ல் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது அவர் முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். இந்த ஓசூர் அன்று அதே சேலம் மாவட்டம்தான். தர்மபுரி 1965-லும் கிருஷ்ணகிரி 2004-லும் பிறகு பிரிந்தவை. இன்று ஞாயிறு காலையில் ஆற்றோரம் போனால் உடைந்த கண்ணாடி காலில் குத்துகிறது. மேய்கிற மாட்டுக்கும் குத்தும், யானைக்கும் குத்தும். நீலகிரியில் 2022 முதல் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கொடுத்தார்கள். ஆக, வழி இல்லாமல் இல்லை.

சரி, தடையும் வேண்டாம், தாராளமும் வேண்டாம் என்றால் நீ என்னதான் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே பாடத்தில் வந்த ஒரு விஷயம் இப்போது உதவுகிறது. 1936-ல் பிரான்சில் லியோன் ப்ளூம் தலைமையில் வந்த மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களுக்கு வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் போட்டது. அதுவரை கடற்கரையும் மலையும் வசதி படைத்தவர்களுக்கு என்றுதான் இருந்தது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளிகள் சைக்கிளில், புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து மிதிக்கிற இரட்டைச் சைக்கிளில், கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இன்று ஓசூர் சாலையில் வருகிற வரிசைக்கு அவர்கள்தான் பாட்டன், பூட்டன்.

அந்த நாட்டில் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். சின்னச் சின்ன ஊராட்சிகள்கூடச் சொந்தமாகக் கூடார மைதானம் நடத்துகின்றன. 'காம்ப்பிங் முனிசிபால்' என்பார்கள். ஒரு புல்வெளி, குழாய், கழிப்பறை, குப்பைத் தொட்டி, குறைந்த கட்டணம், ராத்திரி சத்தம் கூடாது என்ற விதி. அவ்வளவுதான். அதே சமயம் கடற்கரையிலும் பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் கண்டபடி கூடாரம் போடத் தடை. மற்ற இடத்திலும் மேயர் நினைத்தால் தடுக்கலாம். ஓர் இடத்தைத் திறந்துவிட்டுத்தான் இன்னோர் இடத்தை மூடினார்கள்.

நமக்கும் அதுவே வழி. யானைத் தடத்தை விட்டு விலகி, ஊரை ஒட்டிய பொது நிலத்தில் ஒரு மைதானம் வேண்டும். எந்த இடம் ஆகாது என்பதை வனத்துறை சொல்லட்டும், நடத்துவதை ஊராட்சி செய்யட்டும். ஒரு கூடாரத்துக்கு 200 ரூபாய், சனி இரவில் 20 கூடாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 4,000, மாதத்துக்கு 16,000. ஒரு காவலாளிக்கும் துப்புரவுக்கும் இதிலேயே கொஞ்சம் வந்துவிடும். மகளிர் சுய உதவிக் குழு களியும் கீரைக் குழம்பும் போட்டால் அந்தப் பணமும் ஊரில் நிற்கும். வண்டி எண்ணையும் பெயரையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டால் பாட்டில் உடைப்பதும் தானாகக் குறையும். பெயர் எழுதிவிட்டால் மனுஷனுக்கு ஒழுங்கு வந்துவிடும் என்பது என் சர்வீஸ் அனுபவம். யானை வரும் மாதங்களில் ராத்திரி விளக்கும் பாட்டும் கிடையாது என்று விதி போடலாம், தேவையானால் மூடியே வைக்கலாம்.

"தனியார் ரிசார்ட்காரர்கள்தான் கூடாரம் போடுகிறார்களே, ஊராட்சிக்கு எதற்கு இந்த வேலை" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் காட்சி அழகாக இருக்கிற இடமாகப் பார்த்துப் போடுகிறார்கள். நம் பக்கம் காட்சி அழகாக இருக்கிற இடம் காட்டு ஓரம். லாபம் அவர்களுக்கு, யானை சம்சாரிக்கு. இந்தக் கணக்கு எனக்குச் சரிப்படவில்லை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து பசங்களைத் திட்டுகிற நேரத்தில் பாதியை அங்கே கொடுத்தால் போதும். பரணில் விழித்திருக்கிற சம்சாரிகள் முன்வரிசையில் உட்கார வேண்டும், அவர்கள் பேச்சுக்குத்தான் அங்கே எடை. மனுவை நான் எழுதித் தருகிறேன். மூன்று பிரதி, தேதியோடு, பெறப்பட்டது என்ற முத்திரையோடு. கையெழுத்துப் போட வருகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள்.